கூடிக் கற்கும் ரோபோக்களும் குவாண்டம் கணினியும்

நுழையும் முன்

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிப்போர் பலர்; முட்டுக்கட்டை இட்டுத் தேரின் போக்கைத் திருப்புவோர் சிலர். இழுவிசை எவ்வளவு மிகுந்தாலும் ஒருங்கிணைப்பு இல்லையேல் தேர் நிலைசேராது. ஒரே தளத்தில் இயங்கும் ரோபோக்களுக்கும் இது பொருந்தும். அவற்றை ஒருங்கிணைக்கும் முயற்சியில் குவாண்டம் கணினி ஆற்றும் பணியையும் அதன் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

பெருகும் வழிகள்

பெரிய பண்டகசாலைகளில் சக்கரம் பொருத்திய தட்டையான ரோபோக்கள் அலமாரிகளின் அடியில் புகுந்து, அவற்றைத் தூக்கிச் சென்று பணியாளரிடம் சேர்க்கின்றன. இத்தகைய ரோபோக்களை உருவாக்கிய கிவா சிஸ்டம்ஸ் நிறுவனத்தை அமேசான் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் வாங்கியது.

ஒவ்வொரு ரோபோவுக்கும் மூன்று வழிகள் உள்ளன எனக் கொள்வோம். பத்து ரோபோக்கள் இருப்பின் 59,049 வகைகளில் வழிகளைப் பகிர்ந்தளிக்கலாம். இருபது ரோபோக்களுக்கு இவ்வெண்ணிக்கை 348 கோடியைக் கடக்கும். முப்பது ரோபோக்களுக்கோ இரண்டு கோடி கோடியைத் தாண்டும். ரோபோக்கள் மூன்று மடங்காக, வழிவகைகள் பல நூறு கோடி மடங்காகப் பெருகுகின்றன. இவற்றுள் மோதலற்ற, விரைவான ஒன்றைச் சில நொடிகளில் தேர்ந்தெடுப்பதே சிக்கலாகும்.

கற்றலின் தடுமாற்றம்

பயனுள்ள செயலுக்குப் பரிசுப்புள்ளியும் பிழைக்குத் தண்டப்புள்ளியும் அளித்து ரோபோவைப் பயிற்றுவிப்பது வலுவூட்டல் கற்றல் எனப்படும். தனித்து இயங்கும் ரோபோவுக்கு இம்முறை நன்கு பயன்படும். பல ரோபோக்கள் ஒரே நேரத்தில் கற்கும்போது இடர் தோன்றுகிறது. குறுகிய சந்து ஒன்று விரைவான வழி என ஒரு ரோபோ கற்கிறது. அதையே மற்றவையும் கற்கின்றன. விரைவில் அச்சந்து நெரிசலால் அடைபடுகிறது. நேற்று கற்ற உண்மை இன்று பொய்யாகிறது. தனித்தனி அறிவின் கூட்டுத்தொகை, கூட்டத்தின் அறிவாக அமைந்துவிடுவதில்லை.

குவாண்டம் காட்டும் வழி

இயற்கை குவாண்டம் விதிகளின்படி இயங்குவதால், அதைக் கணிக்கும் கணினியும் அவ்விதிகளின்படியே அமைய வேண்டும் என்னும் கருத்தை இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன் 1981ஆம் ஆண்டு உரையொன்றில் முன்வைத்தார். வழக்கமான கணினியின் பிட், 0 அல்லது 1 என்னும் ஒரு நிலையில் மட்டுமே இருக்கும். குவாண்டம் கணினியின் கியூபிட், அளந்தறியும்வரை இவ்விரு நிலைகளின் மேற்பொருந்துதலாக இருக்க இயலும். இதனால் எல்லா விடைகளும் ஒருங்கே கிடைத்துவிடும் என்று கருதுதல் தவறு. அளக்கும்போது ஒரு விடையே கிடைக்கும். அது நல்ல விடையாக அமையும் வாய்ப்பைப் பெருக்குவதே குவாண்டம் கணித்தலின் நுட்பம்.

காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிட்டால் அதன் உள்ளிறுக்கம் தளரும். இதையொத்த குவாண்டம் அனீலிங் என்னும் முறையை ஜப்பானிய அறிஞர்களான கடோவாகி, நிஷிமோரி ஆகியோர் 1998இல் விளக்கினர். இங்கு வெப்பத்திற்கு மாறாகக் குவாண்டம் அலைவுகள் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. கியூபிட்டுகள் குறைந்த ஆற்றல் நிலையை நாடி அமைகின்றன. சிக்கலின் நல்ல விடை குறைந்த ஆற்றலாக அமையுமாறு முன்னரே எழுதப்பட்டிருக்கும்.

ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகமும் டென்சோ நிறுவனமும் சார்ந்த ஆய்வாளர்கள், தொழிற்சாலையின் தானியங்கி வண்டிகளை மோதலின்றி இயக்கும் சிக்கலை இவ்வகையில் எழுதி 2019இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். அவ்வாய்வு வழித்தேர்வைப் பற்றியது. கற்கும் ரோபோக்களுக்கு இதை விரிவாக்கினால் பணி இரண்டாகப் பகிரப்படும். எவ்வழிக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை ரோபோக்கள் பட்டறிவால் மதிப்பிடும்; அம்மதிப்புகளைக்கொண்டு கூட்டத்திற்கு உகந்த வழிகளைக் குவாண்டம் கணினி தேர்ந்தெடுக்கும்.

தெரிந்து தெளிவோம்

டி-வேவ் நிறுவனத்தின் அனீலிங் கணினிகளில் உள்ள மீக்கடத்திக் கியூபிட்டுகள், ஏறத்தாழ 0.015 கெல்வின் வெப்பநிலையில் இயங்குகின்றன. இது விண்வெளியின் பின்புல வெப்பநிலையைவிடவும் குறைவு.

எது நல்ல விடை?

இரு ரோபோக்கள் ஓரிடத்திற்குச் செல்ல வேண்டும். முன்வழிக்கு 10 நொடி. பின்வழிக்கு 14 நொடி. இரண்டும் ஒரே வழியில் சென்றால் மோதும். மோதலுக்கு 3 தண்டப்புள்ளி என வரையறுத்தால், இரண்டும் முன்வழியில் செல்வதற்கான மதிப்பு 10+10+3=23; ஆளுக்கொரு வழியில் செல்வதற்கான மதிப்பு 24. குறைந்த மதிப்பையே தேடும் கணினி, மோதலைத் தேர்ந்தெடுக்கும்! தண்டப்புள்ளியை 50ஆக உயர்த்தினால் முன்னது 70ஆகிவிடும். கணினி பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடுக்கும்.

முதல் விடையில் கணினியின் பிழை ஏதுமில்லை. மோதலின் இழப்பை மனிதர் குறைத்து மதிப்பிட்டதே பிழை. அந்த வழியில் ஒரு தொழிலாளி நின்றிருந்தால் அவர் உயிருக்கு எத்தனை புள்ளி? இவ்வினாவுக்கு விடையளிக்க எக்கணினியாலும் இயலாது.

இன்றைய நிலை

கியூபிட்டுகள் புறத்தாக்கங்களால் எளிதில் நிலைகுலைகின்றன. நடைமுறைச் சிக்கல் முழுவதையும் ஏற்கும் அளவுக்கு அவற்றின் எண்ணிக்கையும் இணைப்பும் போதவில்லை. இத்தகைய வழித்தேர்வுப் பணிகளில் வழக்கமான கணினிகளைக் குவாண்டம் கணினிகள் ஐயமற விஞ்சியதாக இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே இரு வகைக் கணினிகளையும் இணைத்துப் பயன்படுத்தும் கலப்பு முறையே ஆய்வுகளில் பெரிதும் பின்பற்றப்படுகிறது.

கணினியின் விரைவு எவ்வளவு வளர்ந்தாலும், எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை வரையறுக்கும் பொறுப்பு மனிதருடையதே. தேரை இழுக்கும் வலிமை கருவிகளுக்கு உரியதாகலாம். முட்டுக்கட்டை மனிதரின் கையில் இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

பள்ளி வாயிலில் மாலை வேளையில் உண்டாகும் நெரிசலைக் குறைக்க, எவற்றுக்கு எவ்வளவு தண்டப்புள்ளி அளிப்பீர்கள் என்பதைக் குழுவில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
நான்கு ரோபோக்களுக்குத் தலா மூன்று வழிகள் எனில், மொத்த வழிவகைகள்
அ) 12 ஆ) 64 இ) 81 ஈ) 243

குறுவினா
பிட், கியூபிட் வேறுபாடு யாது?

சிறுவினா
பல ரோபோக்கள் ஒரே நேரத்தில் கற்கும்போது தோன்றும் இடரை விளக்குக.

நெடுவினா
‘விடை காண்பது கணினி, மதிப்பை வரையறுப்பது மனிதர்’ – பாடக்கருத்துகளின் துணைகொண்டு நிறுவுக.