ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் – ஓர் ஒப்புநோக்கு

ஒரே வேலைக்குப் பல கருவிகள் கிடைக்கும்போது, எதை எடுப்பது என்ற வினா எழுவது இயல்பு. தச்சனுக்கு உளி எப்படியோ, அப்படியே இணையப் பக்கம் அமைப்போருக்கு நிரல் நூலகம். இங்கு நூலகம் என்பது புத்தகசாலை அன்று. அடிக்கடி தேவைப்படும் வேலைகளுக்கென முன்னரே எழுதி வைக்கப்பட்ட நிரல்களின் தொகுப்பு. போட்டியிடும் நூலகங்களை நிரலாளரும் வடிவமைப்பாளரும் எவ்வாறு சீர்தூக்கினர் என்பதைக் காண்போம்.

தோற்றம்

1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி, எல்லா உலாவிகளிலும் ஒரேபடியாக இயங்கவில்லை. ஒன்றில் ஓடிய நிரல் மற்றொன்றில் நின்றுபோயிற்று. இவ்விடரைப் போக்க 2005-இல் புரோட்டோடைப்பும், 2006-இல் ஜேக்வெரி, மூடூல்ஸ், யாகூ நிறுவனத்தின் ஒய்.யு.ஐ. ஆகியனவும் வெளிவந்தன.

வேகம்

முதலில் எல்லோரும் பார்த்தது வேகத்தையே. ஒரே தேடலைப் பல நூலகங்களிலும் ஓட்டி, எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என அளக்க 'ஸ்லிக்ஸ்பீடு' என்ற சோதனை இருந்தது. ஆனால் 2009-ஐ ஒட்டி உலாவிகளே அத்தேடல் வசதியை உள்ளடக்கி வரலாயின. நூலகங்கள் அவ்வேலையை உலாவியிடமே ஒப்படைத்தன. வேக வேறுபாடும் சுருங்கிற்று.

எளிமை

வடிவமைப்பாளர் நன்கறிந்தது, பக்கத்தின் நிறத்தையும் எழுத்தையும் வகுக்கும் சி.எஸ்.எஸ். குறியீடு. அக்குறியீட்டாலேயே பக்கத்தின் உறுப்புகளைத் தேடும் வசதி பிற நூலகங்களிலும் உண்டு. எனினும் ஜேக்வெரி அதனையே நுழைவாயிலாக்கியது. மொழியை ஆழக் கல்லாதோரும் துணிந்து கையாள இது வழிவகுத்தது.

இசைவு

மூன்றாவது அளவுகோல் அன்று பலர் கண்ணில் படாதது. புரோட்டோடைப்பும் மூடூல்ஸும் மொழியின் அடிப்படைப் பொருள்களிலேயே தம் செயல்களைச் சேர்த்தன. எழுதுவோருக்கு அது வசதியே. ஜேக்வெரியோ தனக்கென ஓர் உறையை அமைத்துக்கொண்டு, அதனுள்ளேயே தன் வேலையை முடித்தது. தான் பயன்படுத்தும் டாலர் குறியைப் பிற நூலகம் வேண்டினால், விட்டுக்கொடுக்கவும் வழி வைத்திருந்தது.

இவ்வேறுபாட்டின் விளைவு 2018-இல் வெளிப்பட்டது. மொழியின் தர நிர்ணயக் குழு, வரிசைப் பொருளுக்கு 'ஃபிளாட்டன்' என்ற புதிய செயலைச் சேர்க்க முனைந்தது. மூடூல்ஸ் அதே பெயரில் ஒரு செயலை முன்பே சேர்த்திருந்தது. புதியது வந்தால், அந்நூலகத்தின் பழைய பதிப்புகளை நம்பியிருந்த தளங்கள் பழுதாகும் எனத் தெரிந்தது. எனவே பெயர் 'ஃபிளாட்' எனக் குறுக்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டுத் தரத்தில் இடம்பெற்றது. ஒரு நூலகம் தன் வசதிக்காகச் செய்த செயல், பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மொழியையே வளைந்துகொடுக்க வைத்தது!

ஆதரவு

பெரிய நிறுவனத்தின் துணை உண்டு என்பதும் முழு உறுதியாகாது. ஒய்.யு.ஐ.யின் புதிய வளர்ச்சிப் பணிகளை 2014-இல் யாகூ நிறுத்திக்கொண்டது. அதனை நம்பிப் பக்கங்களை அமைத்தோர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

முடிவுரை

வேகம் ஒரு நாளில் அளக்கக்கூடியது. எளிமை ஒரு வாரத்தில் தெரிவது. பிறவற்றோடு இசைந்து வாழும் பண்போ ஆண்டுகள் கழிந்தே புலப்படும். ஆதலின் புதிய நூலகத்தைத் தேர்வோர், 'எத்தனை வேகம்?' என்பதோடு நில்லாது, 'இதனை நீக்க நேரும் நாளில் எவையெல்லாம் உடையும்?' என்றும் கேட்டறிதல் நலம். கணிப்பொறி பயிலும் மாணவ நண்பர்கள் இவ்வினாவை இப்போதே பழகிக்கொள்வார்களாக.