மோட்டார் கொட்டகையில் சீரியல் கோளாறு: எங்கிருந்து தேடுவது?

நன்னிலம் சுற்றுவட்டாரத்தில் பம்புசெட்டுகளுக்கு செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. குறுவை நாற்றங்கால் சமயத்தில்தான் அழைப்புகள் குவியும். “தம்பி, போன் போட்டா ரிங் போவுது, மோட்டார் ஓடமாட்டேங்குது!” பெரும்பாலும் ஆர்டுவினோவுக்கும் ஜிஎஸ்எம் மாட்யூலுக்கும் இடையே பேச்சு நின்றுபோயிருக்கும். உடனே லேப்டாப்பைத் திறந்து புரோகிராமைக் குடைய வேண்டாம். நேற்றுவரை ஓடிய புரோகிராம் ராத்திரியில் கெட்டுப்போகாது. முதலில் மல்டிமீட்டரை எடுங்கள்.

கரண்ட். சிம்800எல் மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வேண்டும். டவரோடு பேசும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆர்டுவினோவின் 5 வோல்ட் பின்னில் மாட்டினால் வோல்டேஜும் கூடுதல், ஆம்பியரும் பற்றாது. ஆம்பியர் பற்றாமல் வரும் வோல்டேஜ் சரிவு கண நேரத்தில் வந்து போவதால் மீட்டரில் பிடிபடாது, மாட்யூலில் உள்ள விளக்கைப் பாருங்கள். டவர் கிடைத்துவிட்டால் சுமார் 3 நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். அது அடிக்கடி வேகமான சிமிட்டலுக்குத் திரும்பினால் சப்ளையைச் சந்தேகியுங்கள். தனி சப்ளை, குட்டையான தடித்த ஒயர், மாட்யூலை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஆகிய மூன்றும் பெரும்பாலான வழக்கை முடித்துவிடும்.

ஒயர். ஒரு பக்கத்து டிஎக்ஸ் மறுபக்கத்து ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். இரண்டு பக்க கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். பேச்சில்லாத நேரத்தில் ஆர்டுவினோ ஊனோவின் டிஎக்ஸ் 5 வோல்ட் காட்டும், மாட்யூலின் டிஎக்ஸ் ஏறத்தாழ 2.8 காட்டும். பூஜ்யம் காட்டினால் அங்கேயே நில்லுங்கள்.

அந்த 2.8-இல் ஒரு சூட்சுமம் உண்டு. 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி, 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் அதை ‘1’ என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். பட்டறை மேசையில் ஓடிய போர்டு கொட்டகையில் மக்கர் செய்வதற்கு இது ஒரு காரணம். லெவல் கன்வெர்ட்டர் போட்டால் இது தீரும்; எதிர்த்திசையில் போகும் 5 வோல்ட்டும் மாட்யூலைக் கெடுக்காது.

பாட் ரேட். ஒன்றுமே வரவில்லையென்றால் கரண்ட் அல்லது ஒயர். கண்டபடி எழுத்துகள் வந்தால் பாட் ரேட். 115200-இல் 16 மெகாஹெர்ட்ஸ் ஊனோவுக்கே 2 சதவீதத்துக்கு மேல் பிசகு. சாஃப்ட்வேர் சீரியல் அந்த வேகத்தில் திணறும். 9600 போதும். மாட்யூல் தானாக வேகத்தைக் கண்டுபிடிக்கும் நிலையில் இருந்தால், கரண்ட் போய் வந்ததும் முதல் ‘ஏடி’க்குப் பதில் வராமல் போகலாம். ‘ஓகே’ வரும்வரை அனுப்பும்படி எழுதுங்கள்; இல்லையேல் ‘ஏடி+ஐபிஆர்=9600’ கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.

லூப்பேக். எந்தப் பக்கம் பழுது என்று குழம்பினால் மாட்யூலைக் கழற்றிவிட்டு, ஆர்டுவினோ பக்கத்து டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் போர்டு சுத்தம்.

காண்டாக்டர். ‘டப்’ என்று அது இழுக்கும்போது மட்டும் எழுத்துகள் சிதறினால் அது இரைச்சல். காயில் ஒயரையும் டேட்டா ஒயரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். காயிலுக்கு ஏற்ற ஸ்னப்பர் போடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் புரோகிராமுக்கு வாருங்கள். அங்கும் முதலில் ‘டிலே’யைத் தேடுங்கள். ஆர்டுவினோவின் சீரியல் பஃபர் 64 பைட்தான். எஸ்எம்எஸ்ஸோ 160 எழுத்துவரை வரும். டிலேயில் தூங்கும் நேரத்தில் வருவது வழிந்து போய்விடும்.

கடைசியாக ஒன்று. பெட்டிக்குள் இருப்பது 415 வோல்ட். நீங்கள் கைவைத்திருக்கும்போது வீட்டிலிருந்து யாராவது போன் போட்டாலும் மோட்டார் ஓடும். மெயினை அணைத்து, ப்யூஸ் கேரியரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே மூடியைத் திறங்கள்.