திரும்பி வருவதும் யாத்திரையே

பாரத மக்கள் மேற்கொள்ளும் தீர்த்த யாத்திரைகளுள் மிகக் கடினமானவற்றில் ஒன்று திருக்கயிலாய யாத்திரை. திபெத்தில் 6,638 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்த மலையின் உச்சியை யாத்திரிகர்கள் நாடுவதில்லை. அதன் அடிவாரத்தைச் சுற்றி வந்து வணங்குவதே மரபு. இந்துக்களுக்கு அது சிவபெருமானின் உறைவிடம். சமணர்கள் அதனை முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் முக்தி பெற்ற அஷ்டாபதத்துடன் தொடர்புபடுத்துகின்றனர். பௌத்தர்களும், திபெத்தின் தொன்மையான பொன் சமயத்தவரும் அதனைப் போற்றுகின்றனர்.

இந்திய வெளியுறவு அமைச்சகம் இந்த யாத்திரையை 1981 முதல் நடத்தி வருகிறது. 2020 முதல் 2024 வரை தடைப்பட்டிருந்த யாத்திரை, 2025 ஜூன் மாதத்தில் மீண்டும் தொடங்கியது. யாத்திரிகர்கள் உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியாகவோ சிக்கிமின் நாதுலா கணவாய் வழியாகவோ குழுக்களாகச் செல்கின்றனர். ஒவ்வொரு குழுவுடனும் தொடர்பு அதிகாரிகள் உடன் செல்கின்றனர். புறப்படும் முன் தில்லியில் மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. உயரம் ஏறிய பின்னர் வழியிலும் ஒரு முறை நடைபெறுகிறது. லிபுலேக் வழியில் செல்வோருக்கு இந்த இரண்டாம் பரிசோதனை நடப்பது குஞ்சி என்னும் ஊரில். தில்லியில் தேறியவர்களிலும் சிலர் குஞ்சியில் நிறுத்தப்பட்டு, திருப்பி அனுப்பப்படுகின்றனர். பல மாதங்கள் உடலைப் பழக்கி, விரதமிருந்து, சேமிப்பைச் செலவிட்டு வந்த ஒருவர் "நீங்கள் மேலே செல்ல வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்கிறார். அந்த நிமிடத்தில் அவர் இழப்பது எது, பெறுவது எது என்பதை ஆராய்வது சாதகர் அனைவருக்கும் பயன் தரும்.

மூன்று நாள் வலம்

கயிலையின் வலப்பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர் நீளமுள்ளது. தார்ச்சென் என்னும் ஊரிலிருந்து தொடங்கும் யாத்திரிகர்கள் யமதுவாரத்தைக் கடந்து, முதல் நாள் மாலை டேராபுக் முகாமை அடைகின்றனர். கயிலையின் வடமுகம் அங்கிருந்து மிக அருகில், மறைப்பின்றித் தெரிகிறது. இரண்டாம் நாள், பொழுது புலரும் முன்பே டோல்மா கணவாயை நோக்கி ஏற்றம் தொடங்குகிறது. அதன் உயரம் ஏறத்தாழ 5,630 மீட்டர். யாத்திரைக் காலத்திலும் அங்கே பனி கிடப்பதுண்டு. கணவாயின் உச்சியில் பிரார்த்தனைக் கொடிகளால் மூடப்பட்ட பெரும்பாறை ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டி இறங்கும்போது கௌரி குண்டம் கீழே தென்படுகிறது. மட்டக்குதிரையில் ஏறி வந்தவர்களும் இந்தச் செங்குத்தான இறக்கத்தைக் கால்நடையாகவே கடந்தாக வேண்டும். பின்னர் நீண்ட பள்ளத்தாக்கு வழியே நடந்து சுதுல்புக்கை அடைந்து, மூன்றாம் நாள் தார்ச்செனுக்குத் திரும்புகின்றனர்.

அறியும் கருவியே பழுதுற்றால்

மலையேற ஏறக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 சதவீதமே. குறைவது காற்றின் அழுத்தம். டோல்மா கணவாயில் அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி அளவே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உடல் பெறும் பிராணவாயு வெகுவாகக் குறைகிறது. இந்த மாற்றத்துக்குப் பழக உடலுக்குக் கால அவகாசம் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு முறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதும் மலை மருத்துவம் வகுத்துள்ள நெறி.

இந்த நெறியை மீறினாலும், சில வேளைகளில் மீறாதபோதும், மலைநோய் தோன்றலாம். தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, உறக்கமின்மை ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். அவற்றுடன் மேலும் ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டும் உயிரைப் பறிக்கக் கூடியவை. அறிகுறி இருக்கும்போது மேலே செல்லக் கூடாது; அது முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும். இதனை மாற்றும் அதிகாரம் உடல்வலிமைக்கோ முன் அனுபவத்துக்கோ கிடையாது. இளைஞரும் உடற்பயிற்சியில் தேர்ந்தவரும் மலைநோய்க்கு விலக்கல்லர்.

இங்கே சாதகர் ஆழ்ந்து நோக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மூளையைத் தாக்கும் மலைநோய், அதை உணர்ந்து முடிவெடுக்கும் ஆற்றலையே மங்கச் செய்கிறது. நடை தள்ளாடும்; பேச்சு குழறும்; ஆயினும் நோயாளி "நான் நன்றாக இருக்கிறேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. எனவேதான் அனுபவமுள்ள வழிகாட்டி அவருடைய வாய்ச்சொல்லை மட்டும் நம்புவதில்லை. தரையில் நேர்கோட்டில், குதிகாலும் விரல்நுனியும் தொடுமாறு அடிவைத்து நடக்கச் சொல்லிப் பார்க்கிறார்.

நம் தரிசனங்கள் அறிவைத் தரும் பிரமாணங்களைப் பற்றி நுணுக்கமாக ஆராய்ந்துள்ளன. பிரத்யட்சம், அனுமானம் ஆகியவற்றுடன் சப்தம், அதாவது நம்பத்தகுந்தவரின் வாக்கு, ஏன் தனிப் பிரமாணமாக வைக்கப்பட்டது என்ற வினா மாணவர்களிடையே அடிக்கடி எழும். பனிமலை அதற்கு எளிய விடை தருகிறது. கண்ணில் குறையிருந்தால் கண்ணைக் கொண்டே அக்குறையைக் காண இயலாது. அவ்வாறே, அகங்காரத்தால் மங்கிய புத்தி தன் மங்கலைத் தானே கண்டறிவது அரிது. அத்தகைய வேளையில் விஷயத்தை அறிந்தவரும், ஏமாற்றும் எண்ணம் இல்லாதவரும், நம் நலம் நாடுபவருமான ஒருவரின் சொல்லே உயிர்காக்கும் பிரமாணமாகிறது. அவரையே ஆப்தர் என்றனர் முன்னோர்.

வழியே ஒரு வழிகாட்டலின் பரிசு

டோல்மா என்பது தாரா தேவியின் திபெத்தியப் பெயர். கயிலை வலப்பாதையை முதலில் கண்டவர் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோட்சாங்பா என்ற பௌத்தத் துறவி என்று திபெத்திய மரபு கூறுகிறது. பள்ளத்தாக்கில் வழி தெரியாமல் நின்ற அவர் முன் 21 ஓநாய்கள் தோன்றின. அவை தாராவின் 21 வடிவங்களே என்றுணர்ந்து அவர் பின்தொடர்ந்தார். கணவாயின் உச்சியில் அவை ஒன்றோடொன்று கலந்து, இறுதியில் எஞ்சிய ஒன்று பெரும்பாறையினுள் மறைந்தது என்பது கதை. இக்கதையின் உட்கருத்து எண்ணத் தக்கது. அத்தனை பேர் நடக்கும் அந்தப் பாதையே, ஒருவர் தம் திறமையை ஒதுக்கி வைத்து வேறொருவரைப் பின்தொடர்ந்ததால் கிடைத்ததாம்!

அறிகுறியை மறைப்பவன் யார்?

டேராபுக் முகாமில், இரவில் ஒரு யாத்திரிகருக்குத் தலைவலி தொடங்குகிறது என்று கொள்வோம். உணவு செல்லவில்லை, இருமுறை வாந்தியும் எடுத்தாயிற்று. காலையில் வழிகாட்டி ஒவ்வொருவராக நலம் விசாரித்து வருகிறார். உண்மையைச் சொன்னால் கணவாய் கிடையாது. "இவ்வளவு தூரம் வந்தும் வலம் முடிக்கவில்லையா?" என்று ஊரார் கேட்பார்களே என்ற எண்ணம் எழுகிறது. "இறைவன் பார்த்துக்கொள்வான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, "ஒன்றுமில்லை, நலம்" என்கிறார்.

அந்தச் சொல் வெளிப்பார்வைக்குப் பக்தியாகத் தோன்றும். அதனைச் சொன்னது எது என்று உள்ளே தேடினால் நிலைமை வேறாகத் தெரியும். வலத்தை முடித்தவன் என்ற பெயரை விரும்பும் அகங்காரமே அங்கே பேசுகிறது. மேலும், நடுக்கணவாயில் அவர் விழுந்தால் அவரைத் தாங்கி இறக்குவதற்காகச் சுமைதூக்குவோரும் உடன் வந்தோரும் தம் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும். சத்தியத்தையும் அகிம்சையையும் ஒரே மூச்சில் துறந்துவிட்டு எய்தும் புண்ணியம் எத்தகையது?

உடலை வருத்துவதுதானே தவம் என்று சிலர் கேட்கலாம். சாத்திரம் விதிக்காத கடுந்தவத்தால், ஆடம்பரமும் அகங்காரமும் உந்த, உடலையும் உள்ளிருக்கும் இறைவனையும் வதைப்போரைக் கீதையின் 17-ஆம் அத்தியாயம் அசுர உறுதி கொண்டோர் என்கிறது. உணவிலும் உறக்கத்திலும் முயற்சியிலும் அளவறிந்தவனுக்கே யோகம் துயர்நீக்கும் என்று 6-ஆம் அத்தியாயம் கூறுகிறது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. சோம்பலும் அச்சமும் விவேகத்தின் வேடம் தரித்து வரக்கூடும். சிறு களைப்பைப் பெருநோயாக்கிக் குதிரைமேல் அமரத் துடிக்கும் மனமும் மனமே. எது விவேகம், எது கோழைத்தனம் என்று பிரித்தறிவது எப்படி? உள்ளதை உள்ளபடி வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, "நட" என்றாலும் "நில்" என்றாலும் ஒரே மனத்துடன் ஏற்க ஒருவர் ஆயத்தமாக இருக்கிறாரா என்பதே உரைகல். விரும்பிய விடையை வரவழைப்பதற்காக ஏதேனும் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொன்னால், அங்கே அகங்காரம் நுழைந்துவிட்டது.

திருப்பி அனுப்பப்பட்ட மகான்

கயிலைக்குச் சென்று திருப்பி அனுப்பப்பட்டோருள் தலையாயவர் திருநாவுக்கரசர். சேக்கிழாரின் பெரியபுராணம் அதனை உருக்கத்துடன் விவரிக்கிறது. நடந்து கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்து கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், இறுதியில் புரண்டும் சென்றார். இறைவன் முனிவர் வடிவில் எதிர்ப்பட்டு, மானிடர்க்குக் கயிலை எட்டாது, திரும்புக என்றார். நாவுக்கரசர் இசையவில்லை. பின்னர், அங்குள்ள தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றில் கயிலைக் காட்சி காண்க என்று இறைவனின் திருவாக்கு எழுந்தது. அது ஆண்டவன் ஆணை என்றறிந்ததும் அவர் தயங்கவில்லை, மூழ்கினார். திருவையாற்றுக் குளத்தில் எழுந்த அவருக்கு, துணையோடு உலவிய உயிர்களெல்லாம் சிவமும் சக்தியுமாகவே தோன்றின. இன்றும் ஆடி அமாவாசை நாளில் அவ்வூரில் அப்பர் கயிலாயக் காட்சிப் பெருவிழா நடைபெறுகிறது.

அவருடைய கடுந்தவம் பிறர் பின்பற்றுவதற்கு உரியதன்று. தன்னை முற்றிலும் மறந்த அன்பின் நிலை அது. பிறர் பின்பற்றத் தக்கது, ஆணை வந்ததும் அதற்குப் பணிந்த அந்த ஒரு முழுக்கு. மலையை நோக்கி நடந்த கால்கள் அடையாததை, திரும்பச் சம்மதித்த உள்ளம் அடைந்தது.

ஆகவே, குஞ்சியில் நிறுத்தப்பட்டவரும் டேராபுக்கில் தங்கிவிட்டவரும் யாத்திரையில் தோற்றவர் அல்லர். டேராபுக்கில் அமர்ந்து வடமுகத்தைத் தரிசித்தவாறு, கணவாய் ஏறிச் செல்லும் தோழர்களுக்காகப் பொறாமையின்றிப் பிரார்த்திக்க இயன்றால், கடத்தற்கரிய கணவாய் ஒன்றை அவர் அங்கேயே கடந்துவிட்டார். கணவாயைக் கடந்தவருக்கும் ஒரு கடமை உண்டு: கடந்ததைப் பெருமையாகச் சுமக்காமல், டோல்மாவின் பனியிலேயே விட்டு இறங்குவது.

சிந்தனைக்கு

1. அன்றாட சாதனையில், குருவிடமோ மூத்தோரிடமோ சொல்லாமல் மறைக்கும் அறிகுறி எது? மறைப்பதன் நோக்கம் என்ன?

2. ஜபம், விரதம், சேவை ஆகியவற்றில் எண்ணிக்கையை முடிக்கும் ஆவல் எப்போது பக்தியை விழுங்குகிறது?

3. "நில்" என்ற சொல்லை அண்மையில் யாரிடமிருந்து கேட்க நேர்ந்தது? அதனை ஏற்ற மனநிலை எத்தகையது?