மேய மேயத் தழைக்கும் புல்

ரயில்வேப் பொறியாளனுக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். இருப்புப்பாதையைத் தாங்கும் மண்கரை மழையில் கரையாமல் இருக்க, அதன் சரிவில் புல் பதித்து வளர்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. மேலே தெரியும் பச்சையை விட, கீழே மண்ணைப் பிடித்திருக்கும் வேரே எங்களுக்கு முக்கியம். ஓய்வு பெற்ற பிறகு புல்லைப் பற்றிப் படித்ததில் சிலவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் புல்லின் அமைப்பு. பெரும்பாலான செடிகளுக்கு வளரும் குருத்து நுனியில் இருக்கிறது. புல்லுக்கோ, அது பூக்கத் தொடங்கும் வரை, குருத்து தரையை ஒட்டியே இருக்கிறது. இலையும் அடியிலிருந்துதான் நீளுகிறது. ஆகவே மாடு நுனியை மேய்ந்தாலும் புல் சாவதில்லை. பக்கத்தில் புதிய தூர்கள் கிளைக்கின்றன.

ஆனால் இதற்கும் ஓர் அளவு உண்டு. இலைதான் புல்லின் சமையலறை. இலை போனால் வேர் பட்டினி கிடக்கும். அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த கிரைடர் என்பவர் 1955-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. இலையில் பாதியை வெட்டினால் வேரின் வளர்ச்சி அநேகமாகத் தடைப்படுவதில்லை. 80 சதவீதம் வெட்டினால் வேர் வளர்வது 12 நாட்கள் வரை அடியோடு நின்று விடுகிறது. அதற்குள் மறுபடியும் வெட்டினால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

புல்லுக்குப் புல் வேறுபாடும் உண்டு. அருகு தரையோடு படர்வதால் ஒட்ட மேய்ந்தாலும் தாங்கும். நிமிர்ந்து வளரும் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் அப்படியல்ல. முதல் அறுப்புக்கு 75 முதல் 80 நாட்கள், அதன்பின் 45 நாட்களுக்கு ஒருமுறை என்பது அதற்கு வழக்கமான கணக்கு. அறுக்கும்போது 10 முதல் 15 சென்டிமீட்டர் அடிக்கட்டை விட வேண்டும். ஓயாமல் மேயும் நிலத்தில் ருசியான நெட்டைப் புற்கள் முதலில் மறையும். மாடு தொடாத களையும் முள்ளும் மிஞ்சும்.

அப்படியானால் மேய்ச்சலை அடியோடு நிறுத்தினால் நல்லதல்லவா? இதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயம் விடை சொல்கிறது. 1981-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அங்கே, 1982 நவம்பரில் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சுற்றியுள்ள கிராம மக்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிறகு நடந்தது என்ன? எருமைகள் தின்றும் மிதித்தும் அடக்கி வைத்திருந்த பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் ஏரிகளை மூடிப் படர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பு குறைந்தது, நீர்ப்பறவைகளுக்கு இடைஞ்சலானது. பல ஆண்டுகள் அங்கே ஆய்வு நடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், எருமைகளின் மேய்ச்சல் அந்த ஏரிகளுக்குத் தேவை என்ற முடிவுக்கு வந்தது. பறவைகளைக் காக்கப் போட்ட தடை, பறவைகளுக்கும் உதவவில்லை, மாடு வைத்திருந்த ஏழைகளுக்கும் உதவவில்லை.

ஆக, புல்லுக்குப் பகை மாடு அல்ல, ஓய்வில்லாத மேய்ச்சல்தான். பாதியை மேய்ந்து பாதியை விட்டு, மீண்டும் தழைக்க நாள் கொடுத்தால் புல்லும் வாழும், மாடும் வாழும். மணமக்களை அருகு போல் வேரோடி வாழ வாழ்த்துகிறோமே, அந்த வேருக்கு உணவு மேலே நாம் விட்டு வைக்கும் இலையிலிருந்துதான் போகிறது.