தேவரா வீட்டுத் தோட்டத்துக்கு எந்த டில்லர்?

கொச்சி தேவரா போன்ற நெருக்கமான பகுதியில் வீட்டைச் சுற்றி மூன்று சென்ட் மண் மிஞ்சினாலே பெரிது. டில்லர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ‘எத்தனை எச்.பி.?’ என்றுதான். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. முதலில் டேப்பை எடுத்து நிலத்தை அளக்க வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் சுமார் 1,300. தென்னையின் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்குள் இருப்பதால், அந்த வட்டத்துக்குள் கத்தி போகக்கூடாது. மரத்துக்கு 135 சதுர அடி என்று வைத்தால், இரண்டு தென்னைக்கே 270 போய்விடும். செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய், மதிலோரம் இவற்றையும் கழித்து, மிஞ்சுவதற்கு மட்டும் இயந்திரம் தேடுங்கள். கேட்டின் அகலத்தையும், வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள சந்தையும் அளந்துகொள்ளுங்கள். அதில் நுழையாத டில்லர் எவ்வளவு நல்லதானாலும் பயனில்லை.

அடுத்தது மண். கரையோர மணல் இளகியது. கத்தி சுலபமாக இறங்கும். ஆனால் தாழ்ந்த மனைகளைச் செம்மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். ஒரு கம்பியை ஒவ்வொரு காலடிக்கும் ஒரு தடவை ஒரு அடி ஆழம் குத்திப் பாருங்கள். ‘ணங்’ என்று ஒலித்தால் அடியில் செங்கல்லோ ஓடோ கிடக்கிறது. அதைப் பொறுக்கி எடுக்காமல் எந்த டில்லரை ஓட்டினாலும் கத்தி மழுங்கும், கியர் பாக்ஸ் அடிவாங்கும்.

இந்த இரண்டும் தெரிந்தபின் தேர்வு எளிது. அத்தாணியில் உள்ள கேரள அரசின் வேளாண் இயந்திர நிறுவனமான காம்கோவின் 12 எச்.பி. டீசல் பவர் டில்லர் வயலுக்கானது, முற்றத்தில் திரும்பக்கூட இடம் போதாது. மூன்று சென்டுக்கு, கத்தியே முன்னிழுத்துச் செல்லும் சிறிய மினி டில்லர் போதும். ஒருவர் தனியாகத் தூக்க முடிவதாக இருக்கட்டும். மின்சார டில்லருக்குப் புகையில்லை, இரைச்சலும் குறைவு; ஆனால் ஈர மண்ணில் ஒயர் இழுபடுவதால், 30 மில்லி ஆம்பியரில் மின்னைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாமல் ஓட்டவே கூடாது. ஒயர் எட்டாத இடத்துக்கு பேட்டரியோ பெட்ரோலோ எடுக்கலாம். டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும்; நிறுவனம் சொன்ன அளவை மீறக்கூடாது.

சின்ன இயந்திரம் கெட்டி மண்ணில் துள்ளும் என்பார்கள். உண்மைதான். அதற்குப் பரிகாரம் எச்.பி. அல்ல, முந்தின நாள் தண்ணீர் விட்டு, முதல் ஓட்டத்தில் மூன்று அங்குலமும் இரண்டாவதில் மீதியும் கிளறுவது. உழுதாலே மண் கெடும் என்ற வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். அடிக்கடி பொடியாக்கிய மண்மேல் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் மேல்மண் இறுகி, எரு கரைந்தோடும். ஆகவே புதுப் பாத்தி திறக்கவும், தொழு உரத்தையும் சுண்ணாம்பையும் கலக்கவும் மட்டுமே டில்லர். பிறகு சருகு மூடாக்கு. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு ஓரிரு நாள் வேலைதான். வாடகைக்குக் கிடைக்குமா என்று கிருஷி பவன் என்னும் அரசு வேளாண் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்குவதே புத்தி.

ஓட்டும் நாளில் ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம்; களியாக ஒட்டினால் காயட்டும். கத்தித்தண்டில் சுற்றிய வேரை எடுக்கும்போது எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். மின்சார டில்லரானால் பிளக்கையும், பேட்டரி டில்லரானால் பேட்டரியையும்.