கையெழுத்து விழாத சரக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்கு வருகிற விஷயம் காதில் பாதிதான் தங்கும். நீ நாள் முழுக்க பில் போடுகிறவள். தாளில் இருந்தால் இன்னொரு தடவை கூட்டிப் பார்ப்பாய்.

யானைக்கவுனியில் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். நின்றுபோன படிப்பின் கிரெடிட்டை அப்படியே மாற்றி, ஆறு மாதத்தில் ஆன்லைன் பட்டம் வாங்கித் தருவார்களாம். அது ஒட்டியிருக்கும் ரோட்டின் பெயரைக் கவனித்தாயா? ஐதர் அலிக்குப் பயந்து கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கும்பினிக்காரர்கள் சுவர் எழுப்பினார்கள். அந்தச் செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள். வரி வசூலாகவே இல்லை, வால்டாக்ஸ் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த ரோட்டில் ஒட்டுகிற நோட்டீஸுக்கும் நீ அவ்வளவு மரியாதை கொடுத்தால் போதும்.

ஆனால் உன் கேள்வி நியாயமானது. 2022-ல் பி.காம். சேர்ந்தாய். நாலு செமஸ்டர் முடித்தாய். அப்பா போனதும் 2024-ல் நின்றுவிட்டு சௌகார்பேட்டை புடவைக் கடையில் உட்கார்ந்தாய். அந்த இரண்டு வருஷம் எங்கே போனது, அதற்கு விலை உண்டா என்று கேட்கிறாய். உண்டு. யார் கொடுப்பார்கள் என்பதுதான் சிக்கல்.

நான் ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தது உனக்குத் தெரியும். அந்த வேலை என்னவென்று நீ கேட்டதில்லை. கப்பலிலிருந்து கிரேன் ஒரு ஸ்லிங் மூட்டையை இறக்கும். கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரையில் நான் எண்ணுவேன். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. ஷிப்ட் முடியும்போது இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்து வந்தால் ஷெட்காரர் கையெழுத்துப் போடுவார். அது விழும் வரைக்கும் சரக்கு கண்ணெதிரே குவிந்து கிடந்தாலும் கணக்கில் இறங்காத சரக்குதான். மழையில் நனைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

கிரெடிட்டும் அப்படித்தான். உன் மார்க் ஷீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒரு சின்ன எண் இருக்கிறதே, அது நீ இறக்கிய மூட்டை. வாங்கிக்கொள்கிற பல்கலைக்கழகம் கையெழுத்துப் போடுகிற வரை உனக்குப் பிரயோஜனம் இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். வேலைக்கு வந்த புதிதில் மாலைக் கல்லூரி ஒன்றில் ஒரு வருஷம் படித்தேன். ஷிப்ட் மாறியது, நின்றுவிட்டேன். பிறகு கரஸ்பாண்டன்ஸில் சேரும்போது, பழைய வருஷத்தைக் கழித்துக்கொள்வார்கள், நேரே இரண்டாம் வருஷம் போகலாம் என்று ஒரு டுடோரியல் ஆசாமி சொன்னார். அவருக்குக் கமிஷனும் கொடுத்தேன். கவுன்டரில் முதல் வருஷத்துக்குத்தான் சலான் போட்டார்கள். ஒரே பாடத்தை இரண்டு தடவை படித்து, இரண்டு தடவை பணம் கட்டினேன். அவர் பேச்சைக் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பகலெல்லாம் கையெழுத்தில்லாமல் ஒரு மூட்டையை நகர விடாதவன்!

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2021 ஜூலையில் யு.ஜி.சி. கிரெடிட் வங்கி ஒன்றைக் கொண்டுவந்தது. ஏ.பி.சி. என்பார்கள். டிஜிலாக்கரில் போய் ஆதாரை வைத்து 12 இலக்க எண் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். நீ எங்கே படித்தாலும் கிரெடிட் அந்தக் கணக்கில் சேரும். வங்கி என்றதும் சீட்டைக் கொண்டுபோய் நீயே போடலாம் என்று நினைக்காதே. கல்லூரியோ பல்கலைக்கழகமோதான் ஏற்ற வேண்டும், மாணவர் கையிலிருந்து எதையும் வாங்க மாட்டார்கள். 2021-22 கல்வியாண்டிலிருந்து எடுத்தவைதான் செல்லும், அதிகபட்சம் ஏழு வருஷம்தான் உயிர். உன் முதல் செமஸ்டரின் கிரெடிட்டுக்கு 2029 கடைசி என்று காலண்டரில் குறித்துக்கொள்.

எண் வாங்கும்போது ஒரு இடத்தில் நிற்பாய். மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வருகிறது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு ஆள். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தத் தலைவலி உண்டு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என்ன எழுத்தோ அதுவே மற்ற எல்லாவற்றிலும் இருக்கட்டும். ஆதாரைத் திருத்துவது சுலபம். பள்ளிச் சான்றிதழைத் திருத்தக் கிளம்பினால் செருப்பு தேயும்.

இனி கணக்கு. உன் நாலு மார்க் ஷீட்டையும் வாட்ஸப்பில் பெரிதாக்கிக் கூட்டினேன். பாஸானது 86 கிரெடிட். அரியர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு, ஆக எட்டு. உன் பி.காமுக்கு மொத்தம் 140. அதாவது, அரியரையும் சேர்த்து உனக்குப் பாக்கி 54.

நோட்டீஸில் சொல்கிற மாதிரி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால்? தேசியக் கணக்கில் மூன்று வருஷப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். 34 எடுத்தால் போதும் என்று மனசு சொல்லும். அங்கேதான் கண்ணி. பட்டம் கொடுக்கிற நிறுவனத்திலேயே பாதி கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும் என்பது ஏ.பி.சி. விதி. ஆக நீ எவ்வளவு கொண்டுபோனாலும் 60-க்கு மேல் செல்லாது, மிச்சம் 26 கரையிலேயே கிடக்கும். அந்த 60-ம் உச்சவரம்புதான். பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது ஒத்துவருகிறது, இது இல்லை என்று அவர்கள் கழிப்பார்கள். நாலு செமஸ்டர் தமிழ் எழுதியிருக்கிறாயே, வடக்கே இருக்கிற ஒரு ஆன்லைன் பல்கலைக்கழகத்தில் அதற்கு ஈடான பாடமே இருக்காது. புதுச் சேர்க்கைக் கட்டணம், மைக்ரேஷன் சர்டிபிகேட், டி.சி. அலைச்சல் எல்லாம் தனி.

ஆகவே என் தீர்ப்பு: ஆரம்பித்த பல்கலைக்கழகத்திலேயே முடிக்க வழி இருக்கிறதா என்று முதலில் பார். மலிவு என்றால் அதுதான் மலிவு. முதலில் அந்த இரண்டு அரியரையும் எழுதித் தள்ளு. அதற்கு வகுப்புக்குப் போக வேண்டாம், தேர்வுக் கட்டணம்தான். பிறகு உன் கல்லூரி அலுவலகத்துக்கும், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனத்துக்கும் ஒரே மாதிரி இரண்டு மனு கொடு. நாலு செமஸ்டர் முடித்து நின்றவள், மூன்றாம் வருஷத்தைத் தொலைதூர வழியில் தொடர முடியுமா, முடியுமென்றால் எந்தெந்தப் பாடத்தை ஏற்பீர்கள் என்று கேள். வாயால் கேட்காதே. மனுவின் நகலில் சீல் வாங்கிக்கொண்டு வா. 1981-லிருந்து என்னைப் போன்ற ஷிப்ட் ஆட்களைப் பார்த்துப் பழகிய நிறுவனம் அது. அந்தக் காலத்தில் தபாலில் வரும் பாடக் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் போட்டவர்களையும் பார்த்திருக்கிறது.

அங்கே முடியாது என்றால்தான் அடுத்தது. இக்னோ 1985-லிருந்து இருக்கிறது, கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரங்களில் அடங்கும். அங்கே ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரம் கிடைக்கிற உனக்கு 60 கிரெடிட் எடுக்க 180 வாரம், மூன்றரை வருஷம் ஆகும். ஆறு மாதத்தில் பட்டம் என்பவனிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு. நம் மாநிலத்துக்கென்று சைதாப்பேட்டையில் 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் பழைய பாடத்தை ஏற்கிறார்களா என்பதைச் சேர்வதற்கு முன்னாலேயே எழுதி வாங்கு. சேர்ந்த பிறகு கேட்டால் நீ வாடிக்கையாளர் இல்லை, மனுதாரர்.

சுவயம் பற்றிக் கேட்டிருந்தாய். 2017-ல் மத்திய அரசு ஆரம்பித்தது. பாடம் கேட்கக் காசு வேண்டாம். அதில் ஐ.ஐ.டி.காரர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களுக்குத் தேர்வு எழுத 1,000 ரூபாய் அளவில் கட்ட வேண்டும். 12 வாரப் பாடத்துக்கு மூன்று கிரெடிட், எட்டு வாரத்துக்கு இரண்டு. வாராவாரம் அசைன்மென்ட் வரும், அதற்கு 25 மார்க். மீதி 75-க்கு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஒரு செமஸ்டரில் நடத்தும் பாடங்களில் 40 சதவீதம் வரை சுவயத்திலிருந்து ஏற்கலாம் என்று 2021-ல் விதி வந்தது. அதற்கு முன் 20-ஆக இருந்தது. 'ஏற்கலாம்' என்ற சொல்லைக் கவனி, ஏற்றே ஆக வேண்டும் என்று இல்லை. நீ சேர்ந்திருக்கிற இடம் எந்தப் பாடத்துக்குப் பதிலாக எதை ஏற்கும் என்று பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாததைப் படித்தால் அறிவு வரும், கிரெடிட் வராது. வந்த அறிவு நல்லதுதான், ஆனால் அதற்கு உன் ஆயிரம் ரூபாய் எதற்கு?

நம் மாநில அரசு 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பது உனக்குத் தெரியும். முதல் வருஷம் முடித்தால் சான்றிதழ், இரண்டாவது வருஷம் முடித்தால் டிப்ளமோ, எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம் என்ற ஏற்பாடும் அதில் ஒன்று. எனக்கும் அதில் பயம் உண்டு. வெளியே போகும் கதவைத் திறந்து வைத்தால் முதலில் அனுப்பப்படுகிறவள் யானைக்கவுனிப் பெண்ணாகத்தான் இருப்பாள். ஆனால் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவள் திரும்பி உள்ளே போக ஒரு கதவு வேண்டாமா? அமெரிக்காவில் 1972-லேயே நியூ ஜெர்சி மாநிலம் இதற்கென்றே தாமஸ் எடிசன் பெயரில் ஒரு கல்லூரி ஆரம்பித்தது. வேலைக்குப் போகிறவர்கள் அங்கும் இங்கும் சேர்த்த கிரெடிட்டை ஒன்றாகக் கட்டிப் பட்டம் கொடுப்பதுதான் அதன் தொழில். இங்கே அப்படி ஒன்று இல்லை. அதனால்தான் உன் கையில் மனுவும் சீலும் வேண்டும் என்கிறேன்.

கிண்டி ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். படிப்பைப் பற்றிக் கடையில் ஒரு பையன் சொன்னதாக எழுதியிருந்தாய். 2020-ல் ஆரம்பித்தது. டேட்டா சயின்ஸ். ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நாலு வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பார்த்து 75 சதவீதம் வரை கட்டணத்தைக் குறைக்கிறார்கள். நல்ல படிப்பு, கடினமான படிப்பு. ஆனால் உன் பி.காம். பாடங்களை அங்கே கொண்டுபோய் இறக்க முடியாது. 2022-லிருந்து ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க அனுமதி இருக்கிறது. முதலில் கையில் இருப்பதை முடி. எக்ஸெலில் உனக்கு இருக்கிற வேகத்துக்கு அதைப் பிறகு பார்க்கலாம்.

செலவைக் கூட்டும்போது கல்விக் கட்டணத்தோடு நிற்காதே. உன் சம்பளம் 13,500. ஒரு நாள் போகாவிட்டால் 450. வருஷத்துக்கு எட்டு நாள் தேர்வென்றால் 3,600. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. தீபாவளிக்கு முந்தின மாதம் முதலாளி லீவு தரமாட்டார், தேர்வு அட்டவணை அதைப் பார்த்துப் போடப்படுவதுமில்லை. இப்போதே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை.

நோட்டீஸுக்கு வருகிறேன். தொலைதூரம், ஆன்லைன் இரண்டுக்கும் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) அனுமதி தர வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த வருஷத்துக்கு என்று அதன் இணையதளத்தில் பட்டியல் இருக்கும். பல்கலைக்கழகம் இருந்தால் போதாது, உன் படிப்பும் அந்த வருஷமும் அதில் இருக்க வேண்டும். அப்படிப் பெற்ற பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2020 விதி சொல்கிறது. 2024-லிருந்து சேருகிறவர்கள் டி.இ.பி. எண் ஒன்றும் எடுக்க வேண்டும், அதற்கும் ஏ.பி.சி. எண் முதலில் வேண்டும். வெளியாள் மூலம் பிரான்சைஸ் சென்டர் நடத்த அனுமதியே கிடையாது. மாடியில் ஒரு ரூம் எடுத்துப் போர்டு மாட்டியிருப்பவரிடம் கட்டுகிற பணம் பல்கலைக்கழகத்துக்குப் போகிறதா என்று உனக்கு ரசீது சொல்லாது.

பொறியியலைத் தொலைதூரத்தில் முடித்தவர்களுக்கு என்ன ஆனது தெரியுமா? 2017 நவம்பர் 3-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் கொடுத்த பட்டங்களில் ஒரு பகுதி செல்லாமல் போனது, மற்றவை நிறுத்திவைக்கப்பட்டன. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். படித்தது பொய்யில்லை, கட்டிய பணம் பொய்யில்லை. கையெழுத்துப் போட அதிகாரம் இல்லாதவர் போட்ட கையெழுத்து, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்துக்கு வா. நாலு மார்க் ஷீட், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், எல்லாவற்றிலும் இரண்டு செராக்ஸ். மனு இரண்டையும் நானே எழுதி வைக்கிறேன்.

அந்த நோட்டீஸ் நம்பருக்கு இன்னும் பேசவில்லை என்றால் பேசாதே. பேசியிருந்தால், அட்வான்ஸ் ஏதாவது கொடுத்தாயா என்பதை மட்டும் இன்று ராத்திரியே எனக்குச் சொல். திட்ட மாட்டேன்.

அன்புடன்,
மாமா