படியறிந்து ஏறுக

கோலார் தங்கவயலில் வாழ்வோர்க்குச் சயனைடு மேடுகள் புதியன அல்ல. பாறையைப் பொடித்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மண், பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்டுக் குன்றுகளாக உயர்ந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் நிலைத்து நின்றன. அவற்றின் சரிவைக் காணும் இளைஞர்க்கு மோட்டார் சைக்கிளில் ஏறிப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பே. ஆயினும் அந்த ஆலைக்கழிவு மண் விளையாட்டுக்குரிய இடம் அன்று. மண்தரைப் பந்தயத்தைக் கற்பதற்கெனத் தனிக் களங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, இதே கோலார் மாவட்டத்தில் உள்ள பிக்ராக் டர்ட்பார்க்.

இக்களத்தை நிறுவியவர் பெங்களூரைச் சேர்ந்த வீரர் சி. எஸ். சந்தோஷ். இவர் 2015இல் தென் அமெரிக்காவில் நடைபெற்ற டக்கார் பந்தயத்தில் 36ஆம் இடம் பெற்றார். அப்பந்தயத்தை நிறைவு செய்த முதல் இந்தியர் இவரே. இவருடைய களத்தில் பயிற்சி முதல் நிலை, இரண்டாம் நிலை எனப் படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. சாலையில் நெடுங்காலம் வண்டி ஓட்டியவர்க்கும், மண்தரையில் எழுந்து நின்று ஓட்டுவதும் சறுக்காமல் பிரேக் பிடிப்பதும் புதிய பாடங்களே.

பந்தயங்களிலும் இத்தகைய படிகள் உண்டு. புதியவர்க்கு ஒரு பிரிவும் தேர்ந்தவர்க்கு வேறொரு பிரிவும் வகுக்கப்படும். அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் போட்டியிடுவோரைச் ‘சி’, ‘பி’, ‘ஏ’ என மூன்று வகுப்புகளாகப் பிரிப்பர். தொடக்கநிலையினர் ‘சி’ வகுப்பினர். மிகத் தேர்ந்தவர் ‘ஏ’ வகுப்பினர்.

ஒருவர் இளமையில் மேல்வகுப்பில் போட்டியிட்டவர் எனக் கொள்வோம். வேலையும் குடும்பமும் காரணமாகப் பத்தாண்டுகள் விலகியிருந்து, இப்போது மீண்டும் களத்திற்கு வருகிறார். அவர் எந்த வகுப்பில் சேர வேண்டும்?

பழைய வகுப்பையே அவர் மனம் நாடும். மனம் பழைய வேகத்தை மறப்பதில்லை, உடலோ மறந்துவிடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கும். பிரேக்கைத் தொட அரை நொடி தாமதித்தால் 10 மீட்டர் கடந்துபோகும். அதற்குள் வளைவு வந்துவிடும். அவர் விழுந்தால் அவர்மட்டுமன்றிப் பின்னால் வருபவரும் ஊறுபடுவர்.

அவ்வாறாயின் கீழ்வகுப்பே தக்கதா? அதிலும் ஒரு தவறு நேரலாம். திறன் மீண்ட பின்னரும் புதியவரோடு நின்று கோப்பைகளைக் கவர்வது அறமன்று. அது முதன்முதல் களம் காணும் இளையோரின் வாய்ப்பைப் பறிப்பதாகும். இதனைத் தடுக்கவே, வெற்றிகளைக் குவிப்பவரை மேல்வகுப்புக்கு உயர்த்தும் விதிகள் அமெரிக்காவில் உள்ளன.

எனவே அவர் செய்யத்தக்கது அளந்தறிதலே. பயிற்சி நாளில் களத்தை ஒருமுறை சுற்றிவரத் தமக்கு எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதனை ஒவ்வொரு வகுப்பினரின் நேரத்தோடும் ஒப்பிட வேண்டும். இறுதிச் சுற்றுவரை கைகள் தளராமல் பிடிமானம் நிற்கிறதா என்றும் நோக்க வேண்டும். ஐயம் எழுந்தால் ஒரு படி கீழே தொடங்கி, திறன் மீண்டதும் தயங்காமல் மேலேறுவதே முறை.

மிகத் தேர்ந்தவர்க்கும் களம் இடர் நிறைந்ததே. 2021 ஜனவரியில் சவுதி அரேபியாவில் நடந்த டக்கார் பந்தயத்தில் சந்தோஷ் விழுந்து தலையில் காயமுற்றார். மருத்துவர்கள் அவரை மருந்தால் ஆழ்ந்த உறக்கநிலையில் வைத்துக் காத்தனர். பின்னர் அவர் தாயகம் திரும்பி நலம் பெற்றார். அத்தகைய வீரரே வீழக்கூடிய விளையாட்டில் செருக்குக்கு இடமில்லை.

வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளையும் எழுதக் கற்கும்போது அகரத்திலிருந்தே தொடங்குகிறது. அதனால் அப்பிள்ளை சிறுமையடைவதில்லை. தான் நிற்கும் படியை அறிந்தவரே அடுத்த படியில் உறுதியாகக் கால் வைப்பர்.

சொற்பொருள்
எஞ்சிய – மீதமான
இடர் – துன்பம், ஆபத்து
ஊறுபடுதல் – காயமடைதல்
செருக்கு – கர்வம்

பயிற்சி
1. சயனைடு மேடுகள் எவ்வாறு உருவாயின?
2. மேல்வகுப்பில் உடனே சேர்வதால் யார் யாருக்குத் தீங்கு நேரலாம்?
3. திறன் மீண்ட பின்னும் கீழ்வகுப்பில் நிற்பது ஏன் அறமன்று?
4. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அரை நொடியில் எத்தனை மீட்டர் கடக்கும்?
5. பிரித்து எழுதுக: இக்களத்தை, படியறிந்து, அறமன்று.
6. விட்டுவிட்ட ஒரு கலையையோ விளையாட்டையோ நீ மீண்டும் தொடங்கினால், எந்தப் படியிலிருந்து தொடங்குவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.